கொல்லை உள்ள வீடு

கரிக்கலாம்பாக்கம்,
மாசி மாதம், சனிக்கிழமை

என் மதிப்புக்குரிய மச்சான் தியாகராசன் அவர்களுக்கு, தங்கள் தங்கை மங்கையர்க்கரசியின் கணவன் உத்திராபதி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகம். அங்கு உங்கள் சுகத்தை நான் தனியாக விசாரிக்க வேண்டியதில்லை. மங்கை தினமும் இரண்டு வேளை போனில் சொல்லிவிடுகிறாள். வியாழக்கிழமை உங்களுக்கு முருங்கைக்கீரை ஒத்துக்கொள்ளாமல் போனது வரைக்கும் இங்கே தெரியும். தாராசுரத்துச் சாமி உங்கள் எல்லோரையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

போன் இருக்கும்போது எவனாவது கடிதம் எழுதுவானா என்று நினைப்பீர்கள். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். நான் இங்கே இருமினால் நம் தெருவில் நாலு வீடு தள்ளி வெந்நீர் வைப்பார்கள். பக்கத்து வீட்டில் இருக்கும் மங்கைக்குக் கேட்காமல் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டுமென்றால் தபாலை விட்டால் எனக்கு வழி இல்லை. விஷயம் இதுதான். மாசி மகம் முடிந்ததும் சாமான்களை வண்டியில் ஏற்றி மங்கையையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னீர்களே, அதை நிறுத்துங்கள். அவள் இங்கே வரவேண்டாம். நானும் இருக்கப்போவதில்லை. வேலைக்கு ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிடுகிறேன். உங்கள் சிநேகிதர் அரிசி மண்டியில் கணக்கு எழுத ஆள் வேண்டும் என்றாரே, அந்த இடத்தை எனக்குச் சொல்லி வையுங்கள்.

என்னடா இது, போன மாதம்தானே போனான் என்று கேட்பீர்கள். நானாக ஆசைப்பட்டா வந்தேன்? மாத்திரைக் கம்பெனிக்காரன் கும்பகோணம் டிப்போவை மூடிவிட்டு, ஃபாக்டரி ஸ்டோர்ஸுக்கு வருகிறாயா, இல்லை கணக்கை முடித்துக்கொள்கிறாயா என்று கேட்டான். ஐம்பத்து மூன்று வயதில் கணக்கை முடித்துக்கொண்டு நான் எங்கே போவேன்? சரி என்றேன். மங்கையிடம் சொன்னபோது அவள் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். "எந்த ஊருக்கு வேணும்னாலும் வர்றேன். கொல்லை இல்லாத வீட்டுல மட்டும் என்னைக் கொண்டுபோய் அடைச்சுடாதீங்க" என்றாள்.

உங்கள் தங்கையைப் பற்றி உங்களுக்கே சொல்கிறேன் பாருங்கள். விடிந்ததும் என் முகத்தைப் பார்க்கிறாளோ இல்லையோ, கொல்லைக் கதவைத் திறந்து கருவேப்பிலைச் செடியைப் பார்த்துவிடுவாள். நம் பையன் துபாய்க்கு விமானம் ஏறிய வருஷம் அவள் அழுததெல்லாம் அந்தக் கிணற்றடியில்தான். உள்ளே வரும்போது முகம் கழுவியிருக்கும், கையில் நாலு கீரைத்தண்டு இருக்கும். நான் எதுவும் கேட்டதில்லை. எனக்கு அது தெரியும் என்று அவளுக்கும் தெரியும். அதனால் வீடு பார்க்கும்போது நான் வேறு எதையும் பெரிதாக நினைக்கவில்லை. இங்கே வீட்டுக்காரர் சுப்பராயலு என்பவரிடம் ஊரிலிருந்தே போனில் முதல் கேள்வியாக, "கொல்லை இருக்கா?" என்று கேட்டேன்.

"ஏன் சார் இல்லாம? நல்லா பெரிய கொல்லை. கெணறு இருக்குது, மோட்டார் இருக்குது, நெழலுக்கு வேப்பமரம் இருக்குது. நம்ம வூட்டு கொல்லை மாதிரி வச்சிக்கங்க" என்றார். இவ்வளவு நல்ல மனிதர் ஒருவர் இருக்கிறாரே என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். மங்கையிடமும் கொல்லை இருக்கிறது, கிணறு இருக்கிறது, வேப்பமரம் இருக்கிறது என்று அடித்துச் சொல்லிவிட்டேன்.

பொங்கல் முடிந்து வந்து இறங்கினேன். அவர்கள் குடும்பம் முன்பக்கம், எனக்குப் பின்பக்கம். பெட்டியை வைத்துவிட்டு ஆசையாகப் பின்கதவைத் திறந்தால் ஒரு முழம் சந்து, அதற்கப்புறம் பக்கத்து வீட்டுச் சுவர். சுவரில் ஒரு பல்லி. கிணறும் இல்லை, வேப்பமரமும் இல்லை, ஒரு துளசிச் செடி வைக்க இடம் இல்லை. வீட்டுக்காரம்மா ஆதிலட்சுமியிடம் போய், "ஏம்மா, கொல்லை எங்கே?" என்று கேட்டேன். அந்த அம்மா வாசலுக்கு வந்து கையை நீட்டி, "தோ, இப்பிடியே நேரா போனீங்கன்னா ஐயனார் கோயில் வரும். அதத் தாண்டி வாய்க்கா ஓரமாவே போவணும். நடந்தா கொஞ்சம் தூரம் சார், அவரு வண்டிய வேணா எடுத்துனு போங்க" என்றது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது மச்சான். நம் பக்கம் கொல்லை என்றால் இரண்டே அர்த்தம். ஒன்று, வீட்டின் பின்பக்கம். இன்னொன்று, ஒருவர் கொல்லைக்குப் போயிருக்கிறார் என்றால் கூப்பிடாமல் காத்திருக்க வேண்டிய சங்கதி. முதலாவது இங்கே இல்லை என்று கண்ணால் பார்த்தாகிவிட்டது. ஆகவே இது இரண்டாவது. வண்டி எடுத்துக்கொண்டு போகும் தூரத்தில். வீட்டுக்குள் டைல்ஸ் போட்ட கக்கூஸ் பளபளவென்று இருக்கிறது. தெருமுனையில் திறந்தவெளியில் மலம் கழிக்காத கிராமம் என்று போர்டு வேறு. சுப்பராயலு தினம் காலையில் அந்தப் போர்டைத் தாண்டித்தான் வண்டியில் போகிறார்.

அதுவாவது தொலையட்டும், அவரவர் பழக்கம் என்று விடலாம் என்றால் அவர் போனால் வருவதில்லை. தண்ணீர் மோட்டார் விஷயமாக மறுநாள் காலை அவரைத் தேடிப் போனேன். "அவரு கொல்லைக்குப் பூட்டாரு சார், பொழுது சாய வருவாரு" என்றது அந்த அம்மா. காலையில் போன மனிதன் பொழுது சாயவா? சரி, வயிறு சரியில்லை போல என்று பரிதாபப்பட்டேன். மத்தியானம் பார்த்தால் அந்த அம்மா தூக்குவாளியில் சோறும் குழம்பும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறது. எங்கேம்மா என்றால், "கொல்லைக்கு சோறு எடுத்துனு போறேன் சார். அவரு வர மாட்டாரு, அங்கியே துன்னுட்டு அங்கியே செத்த நேரம் படுத்துப்பாரு" என்று சாதாரணமாகச் சொல்கிறது. நான் அன்று ராத்திரி மோர் மட்டும் குடித்துவிட்டுப் படுத்தேன். அடுத்த வாரம் அவர் ராத்திரியிலும் வீடு தங்கவில்லை. என்னம்மா ஆச்சு என்று கேட்டால், "பன்னித் தொல்லை தாங்கல சார். ராவானா கொல்லையில பூந்துடுது. ஒருத்தர் இருந்து தொரத்துனாதான் ஆவும்" என்றது. பன்றி வரும் என்பது எனக்குத் தெரியாதா? அதை எல்லாம் என்னிடம் எதற்கு விவரிக்க வேண்டும்?

ஒரு நாள் அந்த அம்மா கிண்ணம் நிறைய மல்லாட்டை என்று கொண்டுவந்து கொடுத்தது. பார்த்தால் நம் வேர்க்கடலை. உப்புப் போட்டு அவித்து, ஆவி பறக்க, வாசனை கூப்பிட்டது. இரண்டை உரித்து வாயருகே கொண்டுபோனேன். "எங்க கொல்லையில வெளைஞ்சது சார். கடையில இந்த ருசி கெடைக்காது" என்றது. ருசி இருக்கத்தான் செய்யும், எரு அப்படி. உரித்ததைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அப்புறம் சாப்பிடுகிறேன் என்று சொல்லி உள்ளே வந்து, சந்தில் காக்காய்க்குப் போட்டேன். காலிக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த அம்மா முகம் ஒரு மாதிரி இருந்தது. சந்தில் கிடந்ததைப் பார்த்திருக்கும்.

என்ன இருந்தாலும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம், நானும் மாத்திரைக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன், ஒரு மனிதர் இப்படி அவதிப்படுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாமா? வயிற்றுப்போக்கை நிறுத்த எங்கள் கம்பெனி மாத்திரை ஒன்று உண்டு, இரும்பு மாதிரி பிடிக்கும். கடையில் ஒரு பட்டை வாங்கி ஆதிலட்சுமி அம்மாவிடம் கொடுத்தேன். எதற்கு என்று பச்சையாகச் சொல்லவும் கூச்சம். "தினம் கொல்லைக்குப் போய்ப் போய் அவர் உடம்பு என்னத்துக்கு ஆகும்? இதை ரெண்டு வேளை குடுங்க, அந்தக் கஷ்டமே இருக்காது" என்றேன். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க வூட்டு மனுஷனுக்கு இப்பிடி ஒருத்தரும் பாத்ததில்ல சார்" என்றது.

மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. சுப்பராயலு கொல்லைக்குப் போவதே நின்றுவிட்டது. முன்கூடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்தும் சாயாமலும் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் ஆதிலட்சுமி அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு வந்து, "நாலு நாளா அவரு கொல்லைக்குப் போவல சார். எல்லாம் வீணாப் போவுது" என்றது. "போகாம இருக்கிறதுதாம்மா நல்லது. இப்பதான் உடம்பு வழிக்கு வருது" என்றேன். அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தது பாருங்கள், அந்தப் பார்வையின் அர்த்தம் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அப்புறம் யாரோ கொடுத்த கஷாயத்தைக் குடித்துவிட்டு அவர் பழையபடி வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒருவனைத் திருத்துவதற்கும் ஒரு அளவு உண்டு என்று நானும் விட்டுவிட்டேன்.

இது அத்தனையையும் பொறுத்தேன் மச்சான். புதன்கிழமை நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. சாயங்காலம் சுப்பராயலு டீ டம்ளரோடு என் பக்கம் வந்து உட்கார்ந்தார். "அம்மா எப்ப சார் வராங்க?" என்று கேட்டார். மகம் முடிந்ததும் என்றேன். முகம் மலர, "வந்த அன்னிக்கே மொதல்ல எங்க கொல்லைக்குத்தான் இட்டுனு போவணும் சார். அப்பாலதான் வூட்டுல அடுப்பு பத்த வைக்கணும். ஆதிலட்சுமி கூடவே வரும். எங்க வூட்டுல புதுசா வர்ற பொம்பளைக்கு அதான் வழக்கம்" என்றார். என் பெண்டாட்டியைப் பற்றி என் முகத்துக்கு நேரே. "எங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. உங்க கொல்லையில அவ கால் படாது" என்று எழுந்து நின்று சொன்னேன்.

அவர் சண்டைக்கு வருவார் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார். "சரி சார். மனை வாங்க வர்றவங்கதான் அப்பிடி மூக்கப் புடிச்சினு பேசுவாங்கன்னு நெனச்சினு இருந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மனைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. அன்றிலிருந்து பேச்சு இல்லை. ஆனால் காலையில் நான் எழும்போது மேலே என் தண்ணீர்த் தொட்டி மட்டும் நிறைந்திருக்கிறது.

மங்கை தினமும் கொல்லையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறாள். வெயில் சரியில்லை என்றேன், போனில் இடம் இல்லை என்றேன். நேற்று அவள், "கருவேப்பிலைக் கன்னு ஒண்ணு பேத்து டப்பாவில வச்சிருக்கேன். வர்ற வழியில வாடாம இருக்கணும்" என்றாள். டவர் இல்லை என்று வைத்துவிட்டேன். இந்தக் கன்றை நான் எங்கே நடுவேன்? பல்லி இருக்கும் சுவரிலா? ஆகவேதான் சொல்கிறேன், அவளிடம் பக்குவமாகப் பேசிப் பயணத்தை நிறுத்துங்கள். காரணம் என் உடம்பு என்று சொல்லுங்கள், கம்பெனி என்று சொல்லுங்கள், கொல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு என் அன்பும் ஆசியும். நம் குலதெய்வத்துக்கு என் பெயரில் ஒரு விளக்கு ஏற்றிவிடுங்கள், எண்ணெய் நீங்கள் வாங்குங்கள். மண்டிக்காரரை மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத,
உத்திராபதி

பின்குறிப்பு: மச்சான், மண்டிக்காரரை மறந்துவிடுங்கள். மேலே எழுதியது அத்தனையும் தப்பு. கிழித்துப் போட்டிருப்பேன், ஆனால் ஸ்டாம்பு ஒட்டிவிட்டேன்.

சனிக்கிழமை நான் போவதற்குள் தபாலாபீஸ் மூடிவிட்டதால் கடிதம் சட்டைப்பையிலேயே இருந்தது. திங்கட்கிழமை கம்பெனியில் சாப்பிடும்போது பாக்கிங் செக்ஷன் மரிய அருள், "இன்னா சார், மூஞ்சி செத்துப் போயிருக்குது" என்று கேட்டான். வில்லியனூர்ப் பக்கத்துப் பையன், நல்லவன். சுப்பராயலு சொன்னதையும் நான் சொன்னதையும் மனம் தாளாமல் அவனிடம் கொட்டிவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. சோற்றில் கையை வைத்தபடி என்னையே பார்த்தான். "சார், கொல்லைன்னா நெலம் சார். ஏரித் தண்ணி பாஞ்சி நெல்லு வெளையறது கழனி. கெணத்துத் தண்ணியில மல்லாட்டை, கத்திரின்னு வெக்கிறோமே, அது கொல்லை. இப்பகூட எங்கப்பா கொல்லையிலதான் இருக்காரு" என்றான். அதற்கப்புறம்தான் சிரித்தான். பக்கத்து பெஞ்சு கேட்டதும் அவர்களுக்கும் சொன்னான். இனி இந்தக் கம்பெனியில் நான் ரிட்டயர் ஆனாலும் அந்தச் சிரிப்பு ரிட்டயர் ஆகாது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை மச்சான். சட்டைப்பையில் இருந்த இந்தக் கடிதத்தை எடுத்து முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் என்னைக் கன்னத்தில் அறைந்தது. இந்திக்காரன் ஊருக்குப் போயிருந்தால் ஒரு வார்த்தை புரியாவிட்டால் இது என்ன என்று கேட்டிருப்பேன். இங்கேயும் தமிழ்தானே என்ற தைரியத்தில் வந்தவன் எதையும் கேட்கவில்லை. எல்லாம் தெரிந்த மாதிரி தலையை ஆட்டினேன், எல்லாம் தெரிந்த மாதிரி கோபப்பட்டேன்.

அரைநாள் லீவு போட்டுவிட்டு ஐயனார் கோயிலைத் தாண்டி வாய்க்கால் ஓரமாகவே நடந்தேன். வழியெல்லாம் மஞ்சள் பெயிண்ட் அடித்த மனைக்கற்கள், கயிற்றில் கலர்க் கொடிகள். அதற்கு நடுவில் ஒரே ஒரு துண்டு பச்சையாக இருந்தது. கிணறு இருந்தது, மோட்டார் இருந்தது, வேப்பமரம் இருந்தது. அவர் போனில் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. மேற்கு ஓரத்தில் மட்டும் செடி பழுத்துச் சுருண்டு, பன்றி கிளறிய பள்ளங்கள். அது என் மாத்திரை செய்த வேலை.

சுப்பராயலு வரப்பில் நின்றிருந்தார். என்னைப் பார்த்தும் வா என்று சொல்லவில்லை. நான் சுற்றி வளைக்காமல், எங்கள் ஊரில் கொல்லை என்றால் என்ன, நான் இத்தனை நாள் என்ன நினைத்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். தூக்குவாளி, பன்றி, மாத்திரை எதையும் விடவில்லை. அவர் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். "யம்மா ஆதிலட்சுமி, இங்க வா. சார் இன்னா நெனச்சினு இருந்தாருன்னு கேளு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கூப்பிட்டார். "நாலு பக்கமும் மனைக்கு வித்துட்டாங்க சார். நீ மட்டும் ஏன் இந்த மண்ணக் கட்டினு அழுவறேன்னு தெனம் ஒருத்தன் கேக்கறான். நீங்களும் அந்த மாதிரிதான்னு நெனச்சிட்டேன்" என்றார்.

ஆதிலட்சுமி அம்மா எல்லாவற்றையும் கேட்டது, ஆனால் சிரிக்கவில்லை. "அப்ப அந்த மல்லாட்டை?" என்று மட்டும் கேட்டது. அந்த அம்மா குனிந்து ஒரு செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி என் கையில் கொடுத்தது. நின்ற இடத்திலேயே உரித்துத் தின்றேன். பல்லில் மண் கடித்தது. இவர்களைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டேன் மச்சான். நான் கடைசிப் பருப்பு வரைக்கும் தின்று முடிக்கும்வரை அந்த அம்மா நின்று பார்த்துவிட்டு, "அம்மா வந்து ஒரு செடி புடுங்கி மடியில கட்டினு வரட்டும். புது அடுப்புல மொதல்ல அதான் வேவணும். கெணத்துப் பக்கம் ஒரு பாத்தி சும்மாதான் கெடக்குது, அவங்களுக்கு இன்னா புடிக்குதோ வெச்சிக்கட்டும்" என்றது.

வேப்பமரத்தடியில் நின்று போட்டோ எடுத்து மங்கைக்கு அனுப்பினேன், வீட்டுக்குக் கொல்லை இதுதான் என்று மட்டும் எழுதினேன். அவள் அதைப் பார்த்துவிட்டுக் குரல் பதிவு அனுப்பினாள். "இவ்வளவு பெரிய கொல்லையா? தினம் காலையில யாரு பெருக்கறது?"

நான் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள். மகம் முடிந்த மறுநாளே கிளம்பி வாருங்கள். கருவேப்பிலைக் கன்றை மடியில் வைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். துடைப்பம் வேண்டுமென்று அவள் சொன்னால் அதையும் எடுத்துக்கொண்டு வரட்டும். வந்து பார்க்கட்டும்.